நீளத்துக்கு ரயில், வட்டத்துக்குக் கார்

சென்னையிலிருந்து திருநெல்வேலி அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். சொந்தக் காரில் கிளம்பினால் காபிக்கு, சாப்பாட்டுக்கு, சுங்கச்சாவடிக்கு என்று நின்று நின்று போய்ச் சேரப் பத்து மணி நேரம் ஆகும். திரும்பி வர இன்னொரு பத்து. நாலு நாள் லீவில் இரண்டு பகலை நெடுஞ்சாலையே தின்றுவிடும். ரயிலை மட்டும் நம்பினால் அந்தப் பத்து மணி நேரமும் தூக்கத்தில் கழிந்துவிடும். ஆனால் இறங்கிய பிறகு மணப்பாட்டுக்கும் திருக்குறுங்குடிக்கும் பஸ் பார்த்து நிற்பதில் அதே இரண்டு பகல் போகும்.

இரண்டையும் கலந்தால் கணக்கு சரியாக வரும். நீளத்தை ரயிலில் கடப்பது, வட்டத்தை வாடகைக் காரில் சுற்றுவது. வட்டம் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் ஊரில் நாமே ஓட்டும் வாடகைக் காரை ஓரிடத்தில் எடுத்து வேறு ஊரில் விடுவது பெரும்பாலும் நடக்காது. நடந்தாலும், காரைத் திருப்பிக் கொண்டுவர ஓர் ஆள், அவருக்கு ஒரு நாள் கூலி, காலியாக ஓடும் பெட்ரோல் எல்லாம் நம் தலையில்தான் விழும். ஆகவே மதுரையில் எடுத்து நாகர்கோவிலில் விடலாம் என்பது போன்ற கோடுகளை வரைபடத்தில் போட்டு மயங்க வேண்டாம். எந்த நிலையத்தில் இறங்குகிறோமோ அங்கேயே வந்து முடியும் ஒரு சுற்று வேண்டும்.

திருநெல்வேலி சந்திப்பை மையமாக வைத்தால் அந்தச் சுற்று தானாகவே அமைந்திருக்கிறது. மேற்கே தென்காசி, குற்றாலம். அங்கிருந்து மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தைப் பிடித்துத் தெற்கே அம்பாசமுத்திரம், களக்காடு, வள்ளியூர், கன்னியாகுமரி. பிறகு கடற்கரையோடு வடகிழக்கே ஏறினால் கூடங்குளம், உவரி, மணப்பாடு, திருச்செந்தூர். அங்கிருந்து ஒரு மணி நேரச் சொச்சத்தில் மறுபடி திருநெல்வேலி. அலைச்சலையும் சேர்த்து 500 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். மூன்று இரவு, நாலு பகல்.

இதை எந்தத் திசையில் சுற்றுவது? பலர் கடலை முதலில் முடித்து, அருவியில் குளித்துவிட்டு ரயில் ஏறலாம் என்று போடுவார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஈரத்துணி மூட்டையோடு ரயில் ஏறும்போதுதான் தெரியும். அதைவிடப் பெரிய காரணம் தூரம். முதல் நாள் ஓட்டுகிறவர் ரயிலில் அரைகுறையாகத் தூங்கி இறங்குகிறார். ரயிலும் தாமதமாகலாம். கடைசி நாள் ரயிலைப் பிடிக்க வேண்டிய படபடப்பு. ஆக முதல் நாளும் கடைசி நாளும் ஓட்டம் குறைவாக இருக்க வேண்டும். திருநெல்வேலியிலிருந்து குற்றாலம் 60 கிலோமீட்டர். திருச்செந்தூரிலிருந்து திருநெல்வேலியும் கிட்டத்தட்ட அதேதான். நீண்ட ஓட்டங்கள் நடுவில் வரும் இரண்டு நாளுக்குப் போய்விடும். காலையில் மேற்கே போகும்போது வெயில் முதுகுப்பக்கம் இருக்கும் என்பது கூடுதல் சௌகரியம். எனவே குற்றாலம் முதலில், செந்தூர் கடைசியில்.

கிழமையும் இதே அளவுக்கு முக்கியம். வியாழன் இரவு எழும்பூரில் ஏறி, செவ்வாய் காலை எழும்பூரில் இறங்குங்கள். வெள்ளி, திங்கள் இரண்டு நாள் லீவு போதும். வெள்ளிக்கிழமை குற்றாலத்தில் சனி ஞாயிறுக் கூட்டம் இன்னும் வந்து சேர்ந்திருக்காது. பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை. நாம் ஞாயிறே பார்த்துவிடுகிறோம். செந்தூரில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வடிந்த பிறகு திங்கள் விடியலில் கும்பிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஞாயிறு இரவு தெற்கிலிருந்து சென்னைக்கு வரும் ரயிலில் இடம் கிடைப்பதுதான் வாரத்திலேயே கஷ்டமான காரியம். திங்கள் இரவில் அந்த நெருக்கடி கொஞ்சம் தளரும்.

டிக்கெட்

முன்பதிவு, பயண நாளை விட்டுவிட்டு 60 நாளுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கிறது. 2024 அக்டோபர் வரை இது 120 நாளாக இருந்தது. பழைய நினைப்பில் நான்கு மாதம் முன்பே உட்கார்ந்து பயனில்லை. 60 நாள் என்பது எட்டு வாரமும் நாலு நாளும். ஆகவே வியாழன் ரயிலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திறக்கும். திரும்பும் திங்கள் ரயிலுக்கு அதை அடுத்த வியாழன் காலையில். இந்த நாலு நாள் இடைவெளியில்தான் பலர் சறுக்குகிறார்கள். போகும் டிக்கெட் உறுதியானதும் குற்றாலத்தில் அறைக்கும் காருக்கும் பணம் கட்டிவிட்டு, வியாழன் 8 மணியை மறந்து, 11 மணிக்குத் திறந்து பார்த்தால் காத்திருப்புப் பட்டியல் 70 என்று காட்டும். திரும்பும் டிக்கெட் கையில் வரும்வரை வேறெதற்கும் முன்பணம் கட்டாதீர்கள். ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதார் சரிபார்ப்பை முந்தின வாரமே முடித்துவிடுங்கள். அது இல்லாமல் திறக்கும் நேரத்தில் உள்ளே நுழைய முடியாது, தட்கலும் எடுக்க முடியாது.

எந்த ரயில்? நெல்லை எக்ஸ்பிரஸ், எண் 12631, திரும்ப 12632. தெற்கே போகும் ரயில்கள் பல இருக்க இதைச் சொல்வதற்குக் காரணம், இது திருநெல்வேலியிலேயே முடிகிறது, அங்கிருந்தே கிளம்புகிறது. போகும்போது தூக்கத்தில் ஊரைத் தாண்டிவிடும் பயமில்லை. வரும்போது எங்கிருந்தோ தாமதமாக வரும் வண்டிக்காக நடைமேடையில் காத்திருக்க வேண்டாம். காத்திருப்புப் பட்டியலில் விழுந்தாலும், முழுத்தூரம் போகிறவருக்குப் பொதுப் பட்டியல் கிடைக்கும். உறுதியாகும் வாய்ப்பு அதில்தான் அதிகம். கன்னியாகுமரி வரை போகும் ரயிலில் திருநெல்வேலிக்கு எடுத்தால் அந்தப் பட்டியலே வேறாகலாம். அதன் எண் சின்னதாகத் தெரியும், நகரவே நகராது. 12 என்று பார்த்துச் சந்தோஷப்பட்டு எடுத்தவர்கள் கடைசி வரை 9-இல் நிற்பார்கள்.

காத்திருப்புப் பட்டியல் டிக்கெட்டோடு படுக்கை வசதிப் பெட்டியில் ஏறுவது இப்போது முடியாது. ஆர்.ஏ.சி. என்றால் ஏறலாம், ஆனால் பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையில் இரண்டு பேர் உட்கார்ந்தபடி விடிய விடியப் போக வேண்டும். அப்படி வந்தவர் மறுநாள் காலை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. மூன்றடுக்கு ஏசியில் நாலு படுக்கை கிடைத்தால், கார் ஓட்டப் போகிறவருக்கு மேல் படுக்கையைக் கொடுங்கள். கீழே இருப்பவர் மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் இருப்பவர் கீழே இருப்பவர் படுக்கும்வரை காத்திருக்க வேண்டும். மேலே இருப்பவர் ஏறியவுடன் தூங்கலாம்.

நடுவழியில் ஏறுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. திருச்சிக்கு இந்த ரயில் நள்ளிரவு தாண்டித்தான் வரும். வியாழன் இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி ஏறும் ரயிலுக்கு, டிக்கெட்டில் வெள்ளி என்ற தேதி இருக்க வேண்டும். வியாழன் என்று போட்டால் நீங்கள் நிலையத்துக்கு வருவதற்கு முந்தின ராத்திரியே அது போயிருக்கும். எழும்பூரில் ஏறுகிறவர்கள் முந்தின நாள் ஒருமுறை நிலையத்தைச் சரிபாருங்கள். அங்கே மறுசீரமைப்பு வேலை நடப்பதால் சில ரயில்களைத் தாம்பரத்துக்கு மாற்றுவது உண்டு.

உறுதியாகவில்லை என்றால் முந்தின நாள் தட்கல்: ஏசிக்கு காலை 10, படுக்கை வசதிக்கு 11. உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் காசு திரும்பாது. திரும்பும் வழிக்கு மாற்று இரண்டு மூன்று இருக்கின்றன. தூத்துக்குடியிலிருந்து இரவில் கிளம்பும் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஒன்று. செந்தூரிலிருந்து தூத்துக்குடி 40 கிலோமீட்டர்தான், ஆனால் காரை விட நெல்லைக்கு வர வேண்டும் என்பதால் அலைச்சல் கூடும். திருநெல்வேலியிலிருந்து காலை ஆறு மணி வாக்கில் கிளம்பும் வந்தே பாரத் இன்னொன்று. ஒரு ராத்திரி அறைச் செலவு கூடும், ஆனால் மதியமே சென்னை.

கார்

முதலில் பணக் கணக்கு. நாமே ஓட்டினால் சிக்கனம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. போட்டுப் பார்க்கலாம். சின்னக் கார் ஒரு நாளைக்குச் சுமார் 2,500 என்றால் நாலு நாளைக்கு 10,000. 500 கிலோமீட்டருக்கு, ஏசியோடு லிட்டருக்கு 15 கிடைத்தால், 33 லிட்டர் பெட்ரோல். லிட்டர் நூற்றுச் சொச்சம், ஆக மூவாயிரத்து ஐந்நூறு போல. மொத்தம் பதின்மூன்றரை ஆயிரம். டிரைவரோடு எடுத்தால் வெளியூர் வாடகைக்கு வழக்கமாக நாளுக்கு 250 கிலோமீட்டர் குறைந்தபட்சம். நீங்கள் 500 ஓடினாலும் நாலு நாளைக்கு 1,000 கிலோமீட்டருக்குக் கணக்கு. கிலோமீட்டர் 13 என்றால் 13,000, டிரைவர் பேட்டா தனி. வித்தியாசம் இரண்டாயிரத்துக்குள் நின்றுவிடும். ஆகவே பணத்துக்காக நீங்களே ஓட்ட வேண்டாம். உவரிக் கடற்கரையில் இஷ்டம்போல் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், டிரைவர் காத்திருக்கிறாரே என்ற குறுகுறுப்பு வேண்டாம் என்றால் ஓட்டுங்கள். வயதானவர்கள் கூட வந்தாலோ, ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்தான் என்றாலோ, டிரைவர் வைத்த கார்தான் நல்லது.

நாமே ஓட்டும் கார் என்று முடிவானால் முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால், இப்படி வாடகைக்கு விடவே பதிவு செய்த வண்டி. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து டிரைவர் ஓட்டும் டாக்ஸி. வெள்ளைப் பலகை என்றால் யாரோ ஒருவருடைய சொந்தக் கார். சின்ன ஊர்களில் வெள்ளைப் பலகைக் காரைத்தான் குறைந்த வாடகைக்குத் தருவார்கள். போலீஸ் கேட்டால் நண்பர் வண்டி என்று சொல்லச் சொல்லியும் தருவார்கள். விபத்து நடக்காதவரை சிக்கல் இல்லை. நடந்துவிட்டால், சொந்த உபயோகத்துக்கு எடுத்த காப்பீட்டில் வாடகைக்கு ஓடிய வண்டிக்கு இழப்பீடு தர நிறுவனம் மறுக்கலாம். இடித்ததற்கும் இடிபட்டவருக்கும் நீங்கள் பொறுப்பாவீர்கள். நாளுக்கு ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க எடுக்கக் கூடிய துணிச்சல் அல்ல இது.

போனில் பேசும்போதே கேட்டு, வாட்ஸப்பில் எழுத்தாக வாங்க வேண்டியவை சில. ஒரு நாள் என்பது 24 மணி நேரமா, இல்லை காலண்டர் நாளா? வெள்ளி 9 மணிக்கு எடுத்துத் திங்கள் 5 மணிக்கு விட்டால் மூன்று நாளும் எட்டு மணி நேரமும். அந்த எட்டுக்கு மணிக்கணக்கா, முழு நாளா? நாளுக்கு எத்தனை கிலோமீட்டர், தாண்டினால் எவ்வளவு? முன்பணம் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும்? வேக அபராதச் சலான் வண்டி உரிமையாளர் பெயரில் தாமதமாக வரும் என்பதால், சிலர் முன்பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைப்பார்கள். சேதமானால் நம் கையிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு? டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் ஆகிய மூன்றும் காப்பீட்டில் வராமல் போகலாம். இந்தச் சாலைகளில் அடிபடுவதும் அவைதான். ஓட்டப் போகிற இரண்டு பேர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கேரளத்துக்குள் போக அனுமதியும் வரியும் கட்டிய வண்டியா என்றும் கேளுங்கள். குற்றாலத்திலிருந்து பாலருவி பக்கம்தான் என்று ஆசை வரும். புளியரை தாண்டினால் அது கேரளம்.

ரயில் ஏழு மணி வாக்கில் வரும் என்றால் காரை 9 மணிக்குச் சொல்லுங்கள். நடுவில் நிலைய ஓய்வறையில் பல் தேய்த்து முகம் கழுவி, சந்திப்புப் பக்கமே இட்லி சாப்பிட நேரம் சரியாக இருக்கும். ஓய்வறையை அதே டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணை வைத்து முன்பதிவு செய்யலாம். ரயில் தாமதம் என்றால் கோவில்பட்டி தாண்டும்போதே கார்காரருக்குச் சொல்லிவிடுங்கள்.

காரை வாங்கும்போது அவசரப்படுத்துவார்கள். பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தில் நிறுத்தச் சொல்லி, காரைச் சுற்றி ஒரே வீடியோவாக எடுங்கள். பம்பரின் கீழ் விளிம்பு, நாலு சக்கர வளையம், முன் கண்ணாடியில் கல் பட்ட புள்ளி, கதவு ஓரங்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பெட்ரோல் முள்ளும் ஓடிய கிலோமீட்டரும் தெரிய ஒரு படம். அந்த இடத்திலேயே வாட்ஸப்பில் அவருக்கு அனுப்பிவிட்டால் பிறகு பேச்சு வராது. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பல வாடகைக் கார்களில் அதுதான் முதலில் காற்றிறங்கிக் கிடக்கும். ஜாக்கியும் ஸ்பானரும் இருக்கின்றனவா? வைப்பர் தண்ணீரைத் துடைக்கிறதா, இழுத்துவிடுகிறதா? குற்றாலச் சாரலில் அது தெரிந்தே ஆக வேண்டும். ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது வேலை செய்யாவிட்டால் சாவடியில் யு.பி.ஐ.யில் ஒன்றேகால் மடங்கு கட்ட வேண்டிவரும்.

வெள்ளி: தென்காசி, குற்றாலம்

அறையைக் குற்றாலத்தில் தேடாதீர்கள். ஐந்து கிலோமீட்டர் தள்ளித் தென்காசியில் எடுங்கள். சீசனில் வாடகை குறைவாக இருக்கும், சாப்பாடும் நன்றாகக் கிடைக்கும், காசி விசுவநாதர் கோயில் பக்கத்திலேயே. சீசன் என்பது தென்மேற்குப் பருவமழையோடு ஜூன் முதல் ஆகஸ்டு வரை; வடகிழக்குப் பருவமழையிலும் தண்ணீர் விழும். மார்ச், ஏப்ரலில் வந்து பாறையைப் பார்த்துவிட்டுத் திட்டாதீர்கள். அந்த மாதங்களில் பாபநாசம் அகத்தியர் அருவிதான் கைகொடுக்கும்.

தண்ணீர் அதிகமாக விழுந்தாலும் குளிக்க முடியாது. பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் போலீஸ் தடை போட்டுவிடும். அவர்களோடு வாதாட வேண்டாம். மேலே மலையில் பெய்த மழை கீழே வெயிலடிக்கும்போது வந்து சேரும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு பையனை இழுத்துப் போனது. பேரருவி மூடியிருந்தாலும் ஐந்தருவியோ புலியருவியோ திறந்திருக்கலாம். காலையில் விசாரித்துவிட்டுக் காரை எடுங்கள். எண்ணெய், சீயக்காய், சோப்பு அருவியில் தடை.

எல்லோரும் கோட்டைவிடுவது கார் சாவியில். நாலு பேரும் குளிக்கப் போனால் சாவி எங்கே? இப்போதைய சாவிகளுக்குள் பேட்டரியும் சில்லும் இருக்கின்றன. டவுசர் பையில் போட்டு அருவியில் நின்றால் காரைத் திறக்கவே முடியாமல் போகலாம். தொலைத்தால் புதுச் சாவிக்குப் பல ஆயிரம். கழுத்தில் மாட்டும் தண்ணீர் புகாத பை ஒன்று வாங்கி வாருங்கள், அல்லது முறைவைத்து ஒருவர் கரையில் இருங்கள். கரையில் இருப்பவருக்கு மிளகாய் பஜ்ஜி உண்டு.

இரவுச் சாப்பாடு செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டரில், புரோட்டாவும் கோழியும். சனிக்கிழமை இரவில் அங்கே நிற்கவே இடமிருக்காது, வெள்ளி பரவாயில்லை.

சனி: மலையடிவாரம்

ஆறு மணிக்கு ஒரு குளியல் போட்டு, ஒன்பதுக்குள் கிளம்பிவிடுங்கள். தென்காசி, கடையம், ஆழ்வார்குறிச்சி, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, களக்காடு, ஏர்வாடி, வள்ளியூர், காவல்கிணறு, கன்னியாகுமரி. பாபநாசத்துக்கு விலகிப் போய் வருவதையும் சேர்த்து 150, 160 கிலோமீட்டர். வரைபடம் மூன்றரை மணி நேரம் என்று சொல்லும். ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவழிச் சாலை. ஊருக்கு ஊர் வேகத்தடை, அதில் பாதிக்கு வெள்ளைக்கோடு கிடையாது. ஆட்டு மந்தை, வைக்கோல் ஏற்றிய டிராக்டர், அறுப்புக் காலத்தில் சாலையிலேயே காயும் நெல். பக்கத்து வண்டியை முந்துவதில் மிச்சமாவது இரண்டு நிமிடம்.

இந்தச் சுற்றிலேயே மிக அழகான பகுதி இதுதான். வலப்பக்கம் முழுக்க மலை. நடுவில் தாமிரபரணிப் பாசனத்து வயல். கன்னியாகுமரிக்கு நாலுவழிச் சாலையில் பறந்து போகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

பாபநாசத்தில் மேலே போக வனத்துறைச் சோதனைச் சாவடி உண்டு. பையைத் திறந்து பிளாஸ்டிக்கும் மதுபாட்டிலும் தேடுவார்கள். மாலைக்கு முன்பே மூடிவிடுவார்கள். ஆடி அமாவாசையை ஒட்டிச் சொரிமுத்து அய்யனார் கோயில் கூட்டம் இருக்கும் வாரத்தில் இந்தப் பக்கமே வர வேண்டாம். மாஞ்சோலை பக்கம்தானே என்று கிளம்பாதீர்கள். அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம், பத்தமடையில் பாய். பாய் வாங்குவதானால் ரயிலில் வைக்கும் நீளத்தை யோசித்து வாங்குங்கள்.

திருக்குறுங்குடி நம்பி கோயில், இந்தப் பக்கத்துப் பெரும்பாலான கோயில்கள் போல, மதியம் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும். அதனால் சாப்பாட்டை அம்பாசமுத்திரத்தில் நிதானமாக முடித்து, நாலரை ஐந்து மணிக்கு இங்கே வாருங்கள். கற்சிற்பம் பிடித்தவர்கள் ஒரு மணி நேரத்தில் வெளியே வர மாட்டார்கள். இருட்டினாலும் கவலையில்லை, காவல்கிணறுக்குப் பிறகு நல்ல நெடுஞ்சாலை.

ஞாயிறு: அரண்மனையா, படகா

கன்னியாகுமரியில் சூரிய உதயம் எல்லா மாதமும் கடலில்தான். அஸ்தமனம் அப்படியல்ல. ஆனி, ஆடியில் சூரியன் வடக்கே ஒதுங்கிக் கரைப்பக்கம் இறங்கிவிடும். கடலில் இறங்குவதைப் பார்க்க ஐப்பசி முதல் மாசி வரை வர வேண்டும். சீசனில் வருகிறவர்கள் சனி மாலை அஸ்தமனத்தைத் தவறவிட்டதற்காக வருந்த வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

விவேகானந்தர் பாறைக்குப் படகு காலை எட்டு மணி வாக்கில் தொடங்கும். ஞாயிறு வரிசையில் இரண்டு மணி நேரம் எளிதாகப் போகும். கடல் கொந்தளித்தால் நிறுத்தியும் விடுவார்கள். 2024 டிசம்பர் 30 அன்று திறந்த கண்ணாடிப் பாலம் பாறையையும் 133 அடி வள்ளுவர் சிலையையும் இணைப்பதால், ஒரே படகில் போய் இரண்டையும் பார்க்கலாம் என்பது உண்மை. ஆனால் படகு, பத்மநாபபுரம் அரண்மனை, சுசீந்திரம் மூன்றையும் ஒரே காலையில் அடைக்க முடியாது. என் ஓட்டு அரண்மனைக்கு. உதயம் பார்த்து, ஏழரைக்குக் கிளம்பி, நாகர்கோவிலில் சாப்பிட்டு, ஒன்பதுக்கு அரண்மனைக்குப் பக்கத்து ஊரான தக்கலை. கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் இருந்தாலும் அரண்மனையைப் பராமரிப்பது கேரள அரசு. மரத்தாலேயே கட்டிய அந்தக் கூடங்களில் கூட்டம் சேருமுன் நடப்பது தனிச் சுகம். பதினொன்றுக்குக் கிளம்பினால் சுசீந்திரம் நடை சாத்துமுன் அந்தப் பெரிய அனுமனைப் பார்த்துவிடலாம். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும்.

அங்கிருந்து மறுபடி கன்னியாகுமரிக்கு இறங்காமல், சிற்பிகள் ஊரான மயிலாடி, பிறகு அஞ்சுகிராமம் வழியாகக் கூடங்குளம் சாலையைப் பிடியுங்கள். அஞ்சுகிராமத்திலேயே பெட்ரோல் போட்டுக்கொண்டால் கடற்கரைச் சாலையில் பங்க் தேட வேண்டாம். அணுமின் நிலையப் பக்கம் படம் எடுக்காமல் போங்கள். உவரியில் அந்தோனியார் கோயில். செவ்வாய்தான் அங்கே கூட்டம், ஞாயிறு மதியம் அமைதி.

மணப்பாடு ஐந்து மணிக்குச் சரியாக இருக்கும். மணல் மேட்டின் மேல் சிலுவைக் கோயில், கீழே 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை, ஒரு பக்கம் ஆற்றுமுகம். காரைத் தார்ச்சாலை முடிவிலேயே நிறுத்துங்கள். மணலில் பத்தடி இறக்கினால் போதும், முன் சக்கரம் சுழன்று சுழன்று புதைந்துவிடும். மாட்டினால் மேலும் முறுக்காதீர்கள். டயரில் பாதிக் காற்றை இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் தரை மிதியடிகளைப் போட்டு, இரண்டாம் கியரில் மெல்ல எடுக்க வேண்டும். ஊர் மீனவர்கள் தள்ளி உதவுவார்கள், ஆனால் எரிந்த கிளட்சுக்கு உங்கள் முன்பணம்தான் போகும். வழியில் உடன்குடியில் கருப்பட்டி வாங்கலாம். உடைத்து நாக்கில் வைத்துப் பாருங்கள். வெறும் இனிப்பு மட்டும் தெரிந்தால் சீனி கலந்தது, லேசான கரிப்பும் புகையும் தெரிய வேண்டும்.

கந்தசஷ்டி, வைகாசி விசாகம், குலசேகரன்பட்டினம் தசரா நாட்களில் இந்தச் சாலையும் செந்தூர் அறைகளும் மனிதர்களால் நிரம்பியிருக்கும். டிசம்பர் நடுவிலும் வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செந்தூரிலிருந்து கிளம்பிய சென்னை ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. அப்படிப்பட்ட நாளில் ரயில், கார் இரண்டுமே உதவாது.

திங்கள்: செந்தூரிலிருந்து சந்திப்புக்கு

விடியலில் கோயில், கடல், நாழிக்கிணறு. கார் கோயில் வாசல் வரை போகாது. நிறுத்துமிடத்தில் விட்டு நடக்க வேண்டும். பதினொன்றுக்குள் கிளம்பிவிடுங்கள். மாலையில் கிளம்பினால் மேற்கே ஓட்டும் வழி முழுக்க வெயில் கண்ணில் குத்தும். வழியில் ஆதிச்சநல்லூரில், தோண்டிய குழிகளின் மேலேயே கண்ணாடித் தரை போட்டு முதுமக்கள் தாழிகளைக் காட்டுகிறார்கள்; திறந்திருக்கும் நாளா என்று கேட்டுவிட்டுத் திரும்புங்கள்.

மூன்று மணிக்குத் திருநெல்வேலி. எடுத்த அளவுக்குப் பெட்ரோல் நிரப்பி, மணலும் ஈரமுமான தரை மிதியடிகளைத் தட்டி விடுங்கள். அழுக்குக்கு என்று ஐந்நூறு பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கைக்கு அடியில் ஒருமுறை கைவிட்டுத் தேடுங்கள். சார்ஜர் வயர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மறுபடி ஒரு வீடியோ, கிலோமீட்டர் படம், கணக்கு முடிந்தது என்று எழுத்தில் ஒரு வரி. ஐந்து மணிக்குள் சாவியைக் கொடுத்துவிடுங்கள். பெட்டிகளை நிலையப் பொருள் காப்பகத்தில் வைக்கலாம். பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டார்கள், சின்னப் பூட்டு இரண்டு வீட்டிலிருந்தே வர வேண்டும்.

பிறகு ஆட்டோவில் டவுன். நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும், சீக்கிரமே தீர்ந்துவிடும்; வரிசையில் ஒருவர் நிற்க மற்றவர்கள் கோயிலுக்குள் போய் வரலாம். ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும். சூடான அல்வாவை இரட்டைப் பொட்டலமாகக் கட்டச் சொல்லி, நிமிர்த்தியபடி காலடியில் வையுங்கள். மேல் படுக்கையில் தலைமாட்டில் வைத்தால் விழுப்புரம் வருவதற்குள் நெய் கசிந்து தலையணையில் இறங்கிவிடும்.